கூப்பிடாத பேர்

காமயகவுண்டன்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

பூமாரி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? செல்வமணி அண்ணன் லீவு முடிந்து நாளை மஸ்கட் கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டதும், அவர் கையில் கொடுத்துவிட இதை எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். வாட்ஸ்அப்பில் டைப் செய்து டைப் செய்து நானே அழித்துவிட்டேன்.

திராட்சையில் கவாத்து முடிந்துவிட்டது. மழை மட்டும் கொஞ்சம் விட வேண்டும். எனக்குப் பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை.

உங்கள் மகனைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

போன மாதம் பால்வாடிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்தது. அம்மா, மதினி, நான் மூவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, இரண்டு வயது முடிந்துவிட்டதே, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று கேட்டார். மதினி வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “எங்க வீட்டுல பேரச் சொல்ற வழக்கமே இல்லம்மா. பிள்ளைக்கு வச்சது இவுக தாத்தா பேரு. நான் எப்படிப் புருசன் பேரச் சொல்லுவேன்? மருமக எப்படி மாமனார் பேரச் சொல்லுவா? கூப்பிடாத பேருக்குப் பிள்ள எப்படித் திரும்பும்?” என்றாள்.

வேறு எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அய்யா என்போம், சாமி என்போம், ஏலே என்போம் என்றாள். அதற்காவது திரும்புகிறானா என்றதற்கு, “ஆம்பளப் பிள்ள, அவனுக்குத் தோணுனாத் திரும்புவான்” என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அடுத்த புதன்கிழமை தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். அவர் எந்த நோயின் பேரையும் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் இந்த வயதிலேயே பார்த்துவிட வேண்டும், இப்போது பழக்குவதுதான் நன்றாகப் பிடிக்கும் என்று மட்டும் சொன்னார்.

அந்தப் புதன் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. பேச்சு வரட்டும் என்று அம்மா தினமும் வசம்பு உரைத்து அவன் நாக்கில் தடவுகிறாள். உங்கண்ணனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான் என்கிறாள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பேச்சு வராத அந்த வயதிலேயே அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டியைக் கை நீட்டிக் காட்டி, வேண்டும் என்று அழுவீர்களாம். இதையும் அம்மாதான் எனக்குச் சொல்லியிருக்கிறாள். இவன் எதையும் கை நீட்டிக் காட்டுவதில்லை அண்ணே. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தின்மேல் வைக்கிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன வாரம் அம்மா தோட்டத்துக்குப் போயிருந்தபோது நான் கதவைச் சாத்திவிட்டு, “கர்ணா” என்று கூப்பிட்டேன். அப்பா பேர் என் வாயில் வந்ததே அதுதான் முதல்முறை. பிள்ளை தூக்குவாளி மூடியைத் தரையில் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மதினி அடுப்படியிலிருந்து வந்தார். பிறகு அவரும் கூப்பிட்டார். மெதுவாக, பிறகு சத்தமாக, பிறகு கெஞ்சுகிற மாதிரி. மூடி சாய்ந்து விழுந்தது. அவன் மறுபடி எடுத்துச் சுற்றினான். அந்த நேரம் தெருவில் ஒரு டெம்போ பின்னோக்கி வருகிற பீப் பீப் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்து கதவுக்கு ஓடினான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

மதினி அழுதுகொண்டே கூப்பிடுவதை, தோட்டத்திலிருந்து திரும்பிய அம்மா வாசலிலேயே கேட்டுவிட்டாள். “செத்த மனுசன் பேர நடுவீட்டுல ஏலம் போடுறீகளா?” என்று சத்தம் போட்டாள். என்னைப் பார்த்து, “காலேஜுக்குப் போயிட்டா எல்லாப் பிள்ளையும் கிறுக்காத் தெரியுமோ?” என்றாள். அன்றிலிருந்து மதினி சரியாகச் சாப்பிடுவதில்லை. அம்மாவும் பிள்ளை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள். பயப்படுவது நாங்கள் இருவர் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். வீடியோவில் வரும்போது, எம்மகன் என்னையவே பாக்குறான் என்று சந்தோஷப்படுகிறீர்கள். நான் அவன் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். அவன் பார்ப்பது எத்தனை நிமிஷம் ஆனது என்று திரையின் மேலே ஓடுகிற எண்ணை. நீங்கள் பேசினாலும் பேசாமல் இருந்தாலும் அதையேதான் பார்க்கிறான்.

நான் படித்த படிப்பு இதில் எதற்கும் உதவவில்லை. நானும் மதினியும் அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். ஆனால் உங்களைக் கேட்காமல் போனால் திரும்பி வந்து இந்த வீட்டில் மதினி எப்படி இருப்பார்? அடுத்த முறை பேசும்போது, தேனிக்குக் கூட்டிட்டுப் போங்க என்று அம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று அம்மா கேட்டால் பழியை என்மேல் போட்டு, அப்பா பேரைச் சொன்னதற்கும் சேர்த்து என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.

அங்கே வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாமி உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். தேனியில் அவர்கள் என்ன சொன்னாலும் சரி, “உன் வயித்துல பெறந்ததுதானே” என்று மட்டும் மதினியைக் கேட்டுவிடாதீர்கள் அண்ணே.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
பூமாரி