நீ திருப்பிக் கொடுத்த காசு

முருகன் துணை

பதுளை,
16.09.2003, செவ்வாய்.

அன்பு மகள் ஜீவராணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டிப் போன அந்த வெயில் ஊரில் நீயும் காய்ச்சல் தலையிடி என்று எதுவும் வராமல் இருக்கவேண்டும் என்று கதிர்காமத்தானைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இன்று செவ்வாய்க்கிழமை, அப்பா சலூனைத் திறக்கவில்லை, வீட்டில் இருந்துகொண்டு எனக்கு வேலை வைக்கிறார். தம்பி நிஷாந்த் டியூசனுக்குப் போயிருக்கிறான், படிக்கிறானோ இல்லையோ தலைமுடியை மட்டும் நடிகன் மாதிரி வளர்த்துவைத்திருக்கிறான், சலூன்காரன் வீட்டுப் பிள்ளை இப்படித் திரிந்தால் கடைக்கு யார் வருவார்கள் என்று அப்பா தினமும் சத்தம் போடுகிறார், அவன் காதில் ஏறுவதில்லை. நமுனுகுலை மலைப் பக்கம் வானம் இரண்டு நாளாகக் கறுத்துக்கொண்டு நிற்கிறது, கூரையில் ஒழுகும் இடத்தை அடைக்கச் சொல்லி நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கண்ணில் படர்ந்திருந்ததை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், இப்போது நன்றாகத் தெரிகிறது. நீ போன பிறகு அது மோசமாகிவிட்டது பிள்ளை, உனக்குச் சொன்னால் அங்கே அழுதுகொண்டிருப்பாய் என்று சொல்லவில்லை. ஒருவருக்குக் கிருதாவை ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் வெட்டி அனுப்பியிருக்கிறார், அந்த மனுசன் வீட்டுக்குப் போய்ப் பெண்சாதி சிரித்த பிறகுதான் கண்ணாடி பார்த்தாராம். அதற்குப் பிறகுதான் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டார்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். அது வந்தபோது அப்பாவின் கண்ணில் கட்டு இருந்தது, நான்தான் சத்தமாக வாசித்தேன். உன் சலூனில் முடி வெட்டிக்கொண்ட அம்மா ஒருத்தி சந்தோசமாக உன் கையில் வைத்த நோட்டை, அவள் கணக்குத் தெரியாமல் கூடக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்து நீ கார் நிற்கிற இடம்வரை ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்ததையும், அவள் தன்னை அவமதித்துவிட்டாய் என்று மேடத்திடம் முறையிட்டதையும் வாசித்தேன். அது இனாம் என்று தெரிந்த பிறகும் நீ வாங்குவதில்லை என்பதையும், நீ வேண்டாம் என்பதால் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்களும் கையை இழுத்துக்கொள்வதையும், உன்னோடு அறையில் இருக்கிற வெலிமடைப் பிள்ளை மர்லியாகூட உன்னோடு பேசாமல் படுத்துக்கொள்வதையும் வாசித்தேன். கடைசியில், வேலை பழகும் காலம் அடுத்த மாதம் முடிகிறது, கடை வழக்கத்துக்கு ஒத்துவராவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மேடம் சொன்னதையும் வாசித்தேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா. கட்டுப்போட்ட கண்ணோடு எழும்பி உட்கார்ந்து, “எம் மக” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த வேலைக்காக நீ பண்டாரவளையில் எத்தனை நாள் நின்றபடி பழகினாய், எவ்வளவு ஆசைப்பட்டுப் போனாய் என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொள் என்று அன்றைக்கே எழுதியிருப்பேன், ஆனால் நான் எழுதினால் நீ கேட்கமாட்டாய். பிடிவாதத்தில் நீ அவர் மகள். அவர் வாய் திறந்து சொன்னால்தான் உன் கை நீளும், அதனால்தான் பதில் இவ்வளவு தாமதம்.

அவரைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சுவரில் எழுதியிருக்கிற கூலிக்கு மேல் ஒரு சதம் அவர் கையில் நிற்காது. இரும்புக்கடை சலீம் நானா மிச்சக் காசைப் பேப்பருக்குக் கீழே ஒளித்துவைத்துவிட்டுப் போனதும், இவர் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்ட் வரை துரத்திக்கொண்டு ஓடியதும், பார்த்தவர்கள் வெட்டுக்குத்து என்று நினைத்துப் பொலிசுக்குச் சொல்லப் போனதும் ஊருக்கே தெரிந்த கதை. ஆனால் கொடுப்பதில் மட்டும் குறை வைக்கமாட்டார். ஸ்டேசனில் பெட்டி தூக்குகிறவருக்குக் கொடுப்பார், தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் கழுவுகிறவருக்குக் கொடுப்பார், தீபாவளிக்குத் தபால்காரரைப் பலகாரத்தோடு நிறுத்திவைத்துப் பையில் திணிப்பார். நான் அப்படி இல்லையம்மா. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் ஒரு கொய்யாப்பழமோ ரெண்டு வெற்றிலையோ என் மடியில் வைத்துவிட்டுப் போவார்கள், நான் வாங்கிக்கொண்டு சிரிப்பேன், அவர்களும் மனம் ஆறி மலைக்கு ஏறுவார்கள். இதில் என்ன குறைந்துபோயிற்று என்று அப்பாவிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் பதில் சொன்னதில்லை, எல்லாம் வீறாப்பு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில்தான் அவருக்குச் சரிக்குச் சரியான ஆள் கிடைத்தது. அங்கே ஜௌபர் என்று ஒருவர், நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவது, கழுவிவிடுவது எல்லாம் அவர் வேலை. கண் தெரியாமல் கிடந்த அப்பாவைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டார், கைபிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப்போவார், கஞ்சி குடித்தால் வாயைத் துடைத்துவிடுவார், எனக்கு ஒரு நாற்காலி எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து போட்டார். வீட்டுக்கு வருகிற அன்று அப்பா சட்டைப்பையில் இருந்து நோட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். “வேணாண்ணே, இது என் வேல” என்று அவர் சொன்னார். இவர் விடவில்லை, அவரும் விடவில்லை, கடைசியில் ஜௌபர் அந்த நோட்டை நாலாக மடித்து அப்பாவின் பையிலேயே போட்டு, பையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அப்பா அந்தப் பையைத் தடவிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டு, “என்னப் பத்தி என்ன நெனச்சிட்டாரு அந்த மனுசன், நான் என்ன அவர வெலைக்கு வாங்கவா பாத்தேன், மனசு நெறஞ்சு குடுத்தேன், தூக்கி எறிஞ்ச மாதிரி ஆயிருச்சே” என்றார். எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. சலீம் நானாவும் இப்படித்தான் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்திருப்பார் என்றேன். என்னை முறைத்தார்.

போன கிழமை ஜௌபர் சலூனுக்கு முடி வெட்ட வந்தார், அப்பாதான் வரச்சொல்லியிருந்தாராம். நானும் அப்போது சாப்பாடு கொண்டுபோய் அங்கே இருந்தேன். வெட்டி முடித்ததும் அப்பா கூலி வேண்டாம் என்றார். அப்படியென்றால் நான் எதிர்க்கடைக்குப் போகிறேன் என்று ஜௌபர் சொல்லவும் வேறு வழியில்லாமல் வாங்கினார். வாங்கிப் பார்த்தால் கூலிக்கு மேல் இருக்கிறது. வழக்கம்போல மிச்சத்தை எண்ணி எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியில் நான் குடுத்ததை மட்டும் ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டும்விட்டார். ஜௌபர் கோபிக்கவில்லை. “அங்க வாறவங்க பயத்தோட வாறாங்க, குடுக்காட்டிப் பாக்க மாட்டாங்களோன்னு குடுப்பாங்க, அத எப்பிடி வாங்குறது. நீங்க அப்பிடிக் குடுக்கலன்னு எனக்குத் தெரியும், ஆனா ஒருத்தர்கிட்ட வாங்கினா பக்கத்துக் கட்டில்காரர் பயந்துருவாரு. நான் இப்ப ஒங்களுக்குப் பயந்தா குடுக்குறேன்” என்று சொல்லிச் சிரித்தார். அப்பாவின் கை நீட்டியபடியே நின்றது. பிறகு மெதுவாக மடக்கி, அந்தக் காசை மேசை லாச்சியில் போட்டார். எனக்குப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது, கல்யாணம் கட்டி வந்த நாளில் இருந்து நான் காணாத காட்சி அது.

கடையைப் பூட்டிக்கொண்டு நடந்து வரும்போது அவராகவே பேசினார். உன் தாத்தா தோட்டத்தில் லயத்து வீடு வீடாகப் போய் முடி வெட்டியவர் என்பது உனக்குத் தெரியும். தீபாவளிக்கு அவருக்குக் காசு கொடுப்பார்களாம், ஆனால் முன்பக்கம் இஸ்தோப்புத் திண்ணையில் ஏற்றமாட்டார்கள், பின்பக்கம்தான் போய் நிற்கவேண்டும், கையிலும் கொடுக்கமாட்டார்கள், கை பட்டால் தீட்டு என்று மேலே இருந்து போடுவார்களாம். “ஒரு தடவ காசு உருண்டு அழுக்குத் தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்திருச்சு. எங்கப்பா குனிஞ்சு கையவிட்டுத் தொழாவி எடுத்தாரு. நின்னவங்கல்லாம் சிரிச்சாங்க. எங்கப்பாவும் சேந்து சிரிச்சாரு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருசம் கூட வாழ்ந்த எனக்கு இதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார், அவருடைய வீறாப்பைக் கேலி பண்ணிய வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், குடித்தார்.

நேற்று, அங்கே உன் கடையில் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். கையில் வைக்கிறார்களா, எங்கேயாவது போட்டுவிட்டுப் போகிறார்களா, கொடுக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார்களா என்று. உன் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன், அந்த அம்மா கையில் வைத்து உன் கன்னத்தைத் தட்டினாள் என்று நீ எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, நீ எழுதி முடி, அடியில் இடம் விடு, என் வார்த்தையை நானே எழுதுகிறேன் என்றார். கண்ணுக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன், கேட்கிற ஆளா அவர். நல்லதைத்தான் எழுதுவார் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

நீ முதலில் மர்லியாவோடு பேசு. கோபித்துக்கொண்டு இருக்காதே, அவளும் தாயைப் பிரிந்து வந்த பிள்ளைதான், ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் பேசிவிடுவாள். அந்த அம்மா மறுபடி வந்தால் நீயே முன்னால் போய், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல். உனக்கு முடி வெட்டுகிறவளுக்கும், சாமான் தூக்கித் தருகிறவனுக்கும் நீயும் இயன்றதைக் கொடு, சத்தம் போட்டுக் கொடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, ஏசிக்கு நேரே படுக்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. செவ்வாய் வெள்ளி விளக்கேற்ற முடியாவிட்டாலும் மனதுக்குள் கும்பிட்டுக்கொள். தீபாவளிக்குப் போன் எடு, நாங்கள் பக்கத்து வீட்டில் காத்திருப்போம்.

எந்த ஊரில் நின்றாலும் உன் தலைக்கு மேல் எங்கள் இரண்டு பேருடைய கையும் இருக்கிறது, நீ நன்றாக இருப்பாய் மகளே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா.

மகளுக்கு அப்பா எழுதுவது. கையில் கொடுத்தால் வாங்கிக்கொள். கீழே போட்டால் குனியாதே.
வீரசிங்கம்.