நகலின் குறுக்கே எழுதிய வரி

மார்ச் 4, செவ்வாய்
முட்டிவலி. தங்கச்சி மகள் இங்கே வந்து பதினோரு நாள். கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது. புருஷன் அடித்தது ஊருக்கே தெரியும்; அவள் என் வீட்டில் இருப்பது ஒருத்தருக்கும் தெரியாது. அவள் பழைய சிம்மை நானே கத்தரிக்கோலால் நறுக்கிப் போட்டேன். வேலைக்கு மனு போட ஒரு நம்பர் வேண்டுமாம்.

மார்ச் 6, வியாழன்
போன் கடை. அடையாள அட்டை இல்லாமல் சிம் கிடையாதாம். அவள் அட்டையில் அவன் பெயர், அவன் விலாசம். எடுக்கவே பயந்தாள். என்னுடையதை நீட்டினேன். கடைக்காரர் முகத்தைப் படம் பிடித்தார், கட்டைவிரலை வைக்கச் சொன்னார், நகலும் எடுத்தார்.
"உப்பு வாங்கறப்ப யாரும் விரலைக் கேக்கலையே தம்பி."
"சட்டம்மா."
நகல் கொடுத்தால் எதற்கென்று குறுக்கே எழுதிக் கொடு, அப்போதுதான் வேறெதற்கும் ஆகாது என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை சொல்வார். கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'என் தங்கை மகள் பேச வாங்கும் சிம்முக்கு மட்டும்.' எட்டாங்கிளாஸ் படிப்பு வீண்போகவில்லை என்று பெருமை வேறு.

மார்ச் 9, ஞாயிறு
இன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். சாமிக்கு நன்றி.

மார்ச் 11, செவ்வாய்
அவன் கூப்பிட்டான். அந்தப் புது நம்பருக்கே. அவள் கையிலிருந்து போன் விழுந்தது, நான் எடுத்தேன்.
"சிம் கம்பெனியில நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான் அத்தை. உங்க சொந்தக்காரங்க பேரை ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தான். தங்கச்சி மகளுக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. வெள்ளிக்கிழமை வரேன்."
என் மூஞ்சி, என் விரலு, என் வீடு — எவன் வந்தாலும் பிடிச்சுட்டுப் போக அது என்ன தெருக்குழாயா? அழுது கேக்கறப்ப சாமி கூட அட்டை கேட்டதில்லையே. தவளையாவது வாயால கெட்டுச்சு. நான் பேனாவால கெட்டேன்.

மார்ச் 12, புதன்
போன் கடைக்குப் போய் நகலைத் திருப்பிக் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சும்மா."
"அதை எத்தனை பேர் பாப்பாங்க?"
"எனக்கெப்படித் தெரியும்?"
மேஜைக்கடியில் திறந்த பெட்டி, நிறைய நகல்கள். மேலே ஒரு சின்னப் பொண்ணு முகம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னேன்.
"போலீசைக் கூப்பிடுவேன்."
"கூப்பிடு. என் விலாசந்தான் உன்கிட்ட இருக்கே."
ஒரே ஒருத்தி அட்டையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு நானே ஸ்டேஷனுக்குப் போனேன். புகாருக்கும் அட்டை நகல் வேண்டுமாம். சிரிப்பதா, செருப்பைக் கழற்றுவதா?

மார்ச் 13, வியாழன்
முதல் பஸ்ஸில் கிளம்பினாள். எந்த ஊர் என்று சொல்ல வந்தாள். வாயைப் பொத்தினேன்.
"சொல்லாதடி. உன் பெரியம்மா ஓட்டைப் பானை."
"அப்ப எப்படிப் பேசறது பெரியம்மா?"
"யார் போன்லயாவது கூப்பிடு. பேசாத. தொண்டையைச் செருமு, போதும்."

மார்ச் 14, வெள்ளி
வந்தான். கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தான். "எங்க அத்தை?"
"சத்தியமா எனக்குத் தெரியாது."
பொய் சொன்ன பாவமும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்
தெரியாத நம்பர். பஸ் இரைச்சல், பிறகு ஒரு செருமல். சாப்பிட்டியா, எங்கே படுக்கிறாய், வேலை கிடைத்ததா — எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. நானும் ஒரு தடவை செருமினேன். வைத்துவிட்டாள்.