இரண்டு பிடி விதை ராகி

10-7-1955, பாகலூர்

“அப்டி மோதிக்கிட்டா நம்ம பூமி எங்க மேஷ்டரே ஒதுங்கும்?”

நேற்று வாசகசாலையில் நான் பேசி முடித்ததும் விவசாயி திம்மராயன் கேட்டார். “அதெல்லாம் ரொம்ப தூரம்ப்பா” என்று சிரித்துவிட்டு வந்தேன். அது ஒரு பதிலா?

நான் சொன்னது இவ்வளவுதான்: வானத்தில் நட்சத்திர மண்டலங்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. நெருக்கமான கூட்டத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும். பிறகு அவற்றின் சுருள் வடிவம் மங்கி, வெறும் தட்டுப்போல் ஆகிவிடும் என்று இப்போது அறிஞர்கள் நினைக்கிறார்கள்.

13-7-1955

நல்ல மழை. ஊரே ஏர் பூட்டிவிட்டது. திம்மராயன் காட்டில் மட்டும் ஏர் இல்லை. ஏன்?

14-7-1955

என் மனைவி சரோஜம்மாள் கிணற்றடியில் கேட்டு வந்து என்னைத் திட்டினாள். “வானமே மோதி அழியப் போவுது, வெதச்சு யாரு திங்கறதுன்னு திம்மராயன் வெத ராகிய அரைக்கறாராம். மேஷ்டரே சொல்லிட்டாராம்! உங்க வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?”

நானா சொன்னேன்? இத்தனை வருஷம் நான் சொன்னதையெல்லாம் நம்பிய ஊர். விதை போனால் அந்தக் குடும்பம் அடுத்த வருஷம் எதைத் தின்னும்?

15-7-1955

போனேன். அவர் வீட்டில் இல்லை. உள்ளே திருகைச் சத்தம். ஐயோ.

16-7-1955

விடிந்ததும் மறுபடி போனேன். வாசலில் விதைப் பானை. பூச்சி வராமலிருக்கச் சாம்பல் கலந்து வைத்த ராகி. அவர் மனைவி ரங்கம்மா சலிக்க உட்கார்ந்திருந்தாள். ஒரு பிடி அள்ளிக்கொண்டேன். திம்மராயன் கையிலும் ஒரு பிடி கொடுத்து, எதிரே நின்று வீசச் சொன்னேன்.

“வானத்த ஒடச்சதும் நீங்க, இப்ப வெதைய எறைக்கறதும் நீங்களா?” என்றாள் ரங்கம்மா.

வீசினோம். என் ராகி அவர் காலடியில், அவர் ராகி என் காலடியில். சாம்பல் மட்டும் நடுவில் புகையாக நின்றது.

“மணிக்கு மணி முட்டுச்சா?”

“இல்லியே.”

“நட்சத்திரமும் அப்படித்தான், அத்தனை இடைவெளி. நடுவில் நின்றுபோவது சாம்பல் மாதிரி வாயுதான். அது போனால் அந்த மண்டலத்தில் புது நட்சத்திரம் பிறக்காது, உருவம் மாறும். இருக்கிற சூரியனுக்கு ஒன்றும் ஆகாது. நம் மண்டலம் அந்த நெருக்கத்திலும் இல்லை.”

அவர் விதைப் பானையை எடுத்து உள்ளே வைத்தார். புரிந்ததா? இல்லை, இன்னும் குழப்பிவிட்டேனா?

25-7-1955

திம்மராயன் காட்டில் ராகி முளைத்திருக்கிறது. ஒரு மூலை மட்டும் வெறுமை. திருகைக்குப் போன விதையின் பங்கு. அவர் வாசலிலும், நாங்கள் நின்ற இரு பக்கமும் பச்சை. நடுவில் ஒன்றுமில்லை. ரங்கம்மா அந்தப் பச்சையைச் சுற்றித்தான் கோலம் போட்டிருக்கிறாள்.

இதைப் படிப்பவரே, சாம்பல் கலந்த ராகி இரண்டு பிடி எடுத்து, எதிரே ஒருவரை நிறுத்தி, ஒரே நேரத்தில் வீசிப் பாருங்கள்.