மாடிப்படிச் சித்தர்

அடி அண்ணாமலை
வெள்ளிக்கிழமை

என் அன்புள்ள எழில் அப்பாவுக்கு,

கஸ்தூரி எழுதுவது. நானும் குழந்தையும் நலம். பெங்களூரில் குளிர் ஜாஸ்தி என்றீர்கள். ஓவியக் காலேஜ் பிள்ளைகள் உங்களை வரைந்து முடித்ததும் முதல் வேலையாகச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். போன் இருக்கக் கடுதாசி எதற்கு என்று நினைப்பீர்கள். இதைப் போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவேன், மீதியில் அழுதுவிடுவேன்.

எழிலுக்குக் காது குத்த மடி கொடுக்க மாட்டேன் என்று இராமலிங்கம் அண்ணன் சொன்னதிலிருந்து உங்களுக்கும் தூக்கம் இல்லை, எனக்குத் தெரியும். "கோமணத்தோட குந்திக்கினு உடம்ப வரையக் காட்டறவன் வூட்டுக்கு நான் வரமாட்டேன், அந்த வேலய உட்டா வரேன்"னு கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் நாலு பேர் கேட்கச் சொன்னார். தாய்மாமன் மடி இல்லாமல் என்ன காதுகுத்து? நீங்களும் மச்சான் மனசு கோணவேண்டாம், காலேஜில் சொல்லி வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

செங்கம் ரோட்டில் நான் பூ கொடுக்கும் சுரேஷ்குமார் லாட்ஜ் தெரியுமே, உங்களை முதன்முதலில் உட்காரவைத்து வரைந்த வெள்ளைக்காரம்மா தங்கிய இடம். அந்தம்மா விட்டுப்போன படம் ஒன்றுக்கு சுரேஷ்குமார் கண்ணாடிச் சட்டம் போட்டு மாடிப்படி ஓரம் மாட்டினார். கோமணம் கட்டிய ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார், முகம் தெரியாது. பௌர்ணமிக்கு வந்த யாரோ, மலையைப் பார்த்துத் தவம் பண்ணும் சித்தர் என்று விழுந்து கும்பிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் அது போதாதா? விபூதித் தட்டு வந்தது, ஊதுவத்தி வந்தது. "சித்தருக்குத் தினம் ஒரு முழம் சேத்துக் குடும்மா"னு சுரேஷ்குமார் சொல்ல, நானும் பயபக்தியோடு கட்டிக் கொடுத்தேன்.

ஒருநாள் பூவை நானே சாத்தப் போய்க் கிட்டத்தில் பார்த்தேன். மண்டியில் சுமந்த மூட்டை அழுத்தி இறங்கிப்போன இடது தோள், அதன் கீழே மிளகு அளவு மச்சம். அட கடவுளே, இது என் வீட்டுச் சித்தர்! உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டோமே என்று பதறிப்போய்க் கோயிலுக்கு ஓடி உங்கள் பேருக்கு அர்ச்சனை பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் சிரிப்பு.

போன பௌர்ணமிக்கு அண்ணன் கிரிவலம் வந்தார். தண்ணீர் குடிக்க லாட்ஜில் நுழைந்தவர், என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பின பக்கம் படம். கை தானாகக் குவிந்தது. விபூதி எடுத்துப் பூசிக்கொண்டு, "யாரு இந்தச் சித்தரு? பாத்தாலே மனசு அடங்குது"னு சுரேஷ்குமாரிடம் கேட்டார். நான்தான் வாய் திறந்தேன். "கூடவே மூட்ட தூக்கினியே, அந்தத் தோளு தெரியலியாண்ணா?"னு கேட்டேன்.

அண்ணன் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். கை நெற்றிக்குப் போனது. விபூதியை அழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அழிக்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி, "காதுகுத்து எப்போ வெச்சிக்கிறீங்க? நான் புதுவேட்டி எடுக்கணும்"னு கேட்டார்.

அதனால் வேலையை விடாதீர்கள். மண்டியில் இருந்தபோது சாயங்காலமானால் தள்ளாடி வருவீர்கள். உடம்பு நடுங்கினால் கோடு தப்பும் என்று அந்தம்மா சொன்ன பிறகுதானே குடியை விட்டீர்கள். நான் தலைபாடாய் அடித்துக்கொண்டு நடக்காதது அது. முன்பெல்லாம் நான் பேச ஆரம்பித்தாலே செருப்பை மாட்டுவீர்கள். இப்போது முடிக்கும்வரை அசையாமல் கேட்கிறீர்கள். ஊரார் எது வேண்டுமானாலும் சொல்லட்டும், அந்த வேலைக்கு நான் நன்றிக்கடன் பட்டவள்.

ஒரு குறை மட்டும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் உங்களை மணிக்கணக்காகப் பார்க்கிறார்கள். நான் சோறு போடுகிற அவசரத்தில், பூ கட்டுகிற அவசரத்தில், ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. உங்கள் முதுகு இத்தனை அழகு என்று படத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

சீக்கிரம் லீவு கேளுங்கள். காதுகுத்து முடிந்து அண்ணன் கிளம்பினதும், ஒரு பொழுது எனக்காகவும் அசையாமல் உட்காருங்கள். எனக்கு வரைய வராது. சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணாமலையார் உங்களைக் குளிர் அண்டாமல் காக்கட்டும்.

உங்கள்
கஸ்தூரி