கதவோரக் குடை

ஏங்க,

அன்புள்ள என்று ஆரம்பிக்க இன்று மனம் வரவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு நாவல் நடத்துகிறேன். அதில் அப்பா வீட்டை விட்டுப் போய்விடுகிறார். அவருடைய குடை மட்டும் கதவோரம் இருக்கிறது. அவர் திரும்பி வருவார் என்பதற்கு அந்தக் குடைதான் குறியீடு என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் எழுந்தாள்.

"மறந்துட்டுப் போயிருப்பாரு மிஸ். வேற குடை வாங்கிக்குவாரு."

"கதைய ஒழுங்கா படிச்சியா?"

"படிச்சேன் மிஸ். அவரு ஒரு போன்கூட பண்ணலையே."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பரீட்சையிலும் அதையேதான் எழுதியிருக்கிறாள், பிடிவாதக்காரி. முட்டை போட்டேன். தாளைத் திருப்பிக் கொடுக்கத்தான் கை வரவில்லை.

உங்கள் ஷேவிங் செட் குளியலறை அலமாரியில் அப்படியே இருக்கிறது. நீங்கள் எப்போது வருவீர்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்கும்போதெல்லாம், "செட்டு இங்கதானேக்கா இருக்கு, வந்துடுவாரு" என்கிறேன்.

வேண்டுமென்றே விட்டுப் போனீர்களா, மறந்துவிட்டீர்களா? ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் போட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி