துவக்குக்கு ஒரு விண்ணப்பம்

1959 யூன் 4, வியாழன்

சோளகக் காற்று. கண், மூக்கு, சட்டைப்பை எல்லாம் மண். அரைநாள் லீவு போட்டுப் பருத்தித்துறை. கோட்டில் வழக்குப் பேசி ஓய்வுபெற்ற பிறக்கிராசியார் ஒருவர் கொழும்பில் மகளோடு இருக்கப் போகிறார், வீட்டுச் சாமான் விற்கிறார் என்று கேள்வி. அலுமாரி பார்க்கப் போனவன் துவக்கைப் பார்த்துவிட்டேன்.

இரட்டைக் குழல். இங்கிலாந்து வேலை, அவருடைய பாட்டனார் காலத்தது. பக்கத் தகட்டில் இரண்டு கௌதாரி, புல், பின்னால் சின்ன வேலி. தலைமயிர் தடிப்பில் கோடுகள். நில அளவைக் கந்தோரில் இத்தனை வருஷம் கோடு கீறுகிற எனக்கே அப்படி வராது.

"சுடுறதுக்கில்லை, ஐயா. சுவரிலை மாட்டிப் பாக்கத்தான்."

"பாக்கிறதுக்கும் லைசென்ஸ் வேணும், தம்பி. கச்சேரிக் கடுதாசி இல்லாமல் இது வாசல் தாண்டாது."

அலுமாரியைப் பார்க்க மறந்தே போனேன்.

யூன் 8, திங்கள்

கச்சேரி, அரசாங்க அதிபர் கந்தோர். கிளாக்கர் கேட்டார், "என்ன தேவைக்கு?"

"வடிவாயிருக்கு."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வடிவெண்டு எழுத இதிலை இடமில்லை. பயிர்ப் பாதுகாப்பு எண்டு போடுங்கோ."

போட்டேன். பயிர்: ஒரு பலா, பின்வளவில் கொஞ்சம் மிளகாய்க் கன்று.

இனி வேண்டியவை: ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் அறிக்கை, பொலிஸ் அறிக்கை, பிறக்கிராசியாரின் பழைய லைசென்ஸ். வீட்டுக்கும் வந்து விசாரிப்பார்களாம். வரும்வழியில் சுவருக்குப் பித்தளைக் கொளுக்கி வாங்கினேன்.

இரவு மனுசி இராசத்திடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "உங்கடை விருப்பம்." சம்மதம்.

யூன் 19, வெள்ளி

கிளாக்கர் லீவு. விண்ணப்பம் எந்த மேசையில் என்று ஒருவருக்கும் தெரியாது. "அடுத்த கிழமை வாங்கோ." பஸ்ஸில் கரவெட்டி வரை நின்றபடி. வீட்டில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. சத்தம் போட்டேன். கோப்பை சுவரில் பட்டு உடைந்தது. புதிது ஒன்று வாங்க வேண்டும். சவர்க்காரமும்.

யூன் 30, செவ்வாய்

நெல்லியடிச் சந்தியில் விதானையார் மறித்தார். நான் கந்தோரில் நின்ற நேரம் அவரும் பொலிஸ் சார்ஜனும் வீட்டுக்கு வந்து போனார்களாம்.

"எல்லாம் சரி, தம்பி. அறிக்கை போட்டுது. உங்கடை மனுசி சொன்னதைத்தான் எழுத விடேல்லை."

"என்ன சொன்னவ?"

அவர் சிரித்தார். "பொம்பிளையளின்ரை கதைதானே. 'வாங்கட்டும் ஐயா, ஆனா வீட்டிலை வைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. கோவம் வந்தா அவருக்குத் தன்ரை கையிலை என்ன கிடக்குதெண்டு தெரியாது' எண்டு. சார்ஜன் எழுத வெளிக்கிட்டவர். நான்தான் மறிச்சனான்."

நான் என்ன செய்தேன்? "பெரிய உதவி" என்றேன். கடைக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

யூலை 1, புதன்

காற்று. கந்தோரில் ஒரு படத்தில் கோடு பிசகி, முழுவதும் திரும்பக் கீற வேண்டியதாயிற்று.

எனக்குத் தெரியுமென்று அவளுக்குத் தெரியாது. மேசையில் சாப்பாட்டை வைத்தாள். பின்னால் போய், கை எட்டாத தூரத்தில் நின்றாள். கல்யாணம் கட்டின காலம் தொட்டு அப்படித்தான். மரியாதை என்று நினைத்திருந்தேன். கந்தோரில் பெருமையாய்ச் சொல்லியும் இருக்கிறேன்.

அவள் மேல் கை நீட்டியதே இல்லை என்று இங்கே எழுத வந்தேன். குடையால் அடித்தது? அவளுடைய தம்பியின் கல்யாணத்துக்கு வெளிக்கிடப் பிந்திய அன்று. இடது தோள். அந்தக் கையோடுதான் சபையில் பந்தி பரிமாறினாள்.

ஊர் விதானையாருக்கும் முன்பின் தெரியாத சார்ஜனுக்கும் சொல்லியிருக்கிறாள். யாராவது வந்து கேட்கும்வரை காத்திருந்தாளோ?

யூலை 9, வியாழன்

லைசென்ஸ் வந்துவிட்டது. என் பெயர் தட்டச்சில், கீழே முத்திரை. சந்தோஷத்தில் இரண்டு தரம் வாசித்தேன். அந்த நேரம் இராசத்தை நினைக்கவேயில்லை. பஸ் புத்தூர் தாண்டியபிறகுதான் நினைத்தேன். வெட்கக்கேடு.

யூலை 11, சனி

பருத்தித்துறை. பிறக்கிராசியார் துவக்குக்கு எண்ணெய் பூசித் துடைத்து வைத்திருந்தார். தூக்கிப் பார்த்தேன். முன்பு பார்த்ததைவிட வடிவு. எங்கே மாட்டுவது என்று முன்பே தீர்மானித்திருந்தேன்: அடுப்படிக்குப் போகிற வழியில், கதவுக்கு மேலே. ஒரு நாளைக்கு எத்தனை தரம் அவள் அதன் கீழே போய் வர வேண்டும்!

திருப்பி மேசையில் வைத்தேன்.

"வேண்டாம், ஐயா. மன்னிக்க வேணும்."

"என்ன விசர்க்கதை? ஒரு மாசமாய் உமக்கெண்டு வைச்சிருக்கிறன்! வேறை ஆக்களும் வந்து கேட்டவை."

"வீட்டிலை அவவுக்கு விருப்பமில்லை."

மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "பெஞ்சாதிக்குப் பயமோ?"

"இல்லை, ஐயா. அவவுக்குத்தான் என்னிலை பயம்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஸ் நிலையம் வரை வெயிலில் நடந்தேன். முதன்முதல் அதை வாய்விட்டுச் சொன்னது ஓர் அந்நியரிடம்.

யூலை 12, ஞாயிறு

காலையிலிருந்து சொல்ல நினைத்து, மத்தியானமாயிற்று. இராசம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளே கேட்டாள்.

"துவக்கு எங்கை?"

"வாங்கேல்லை."

"ஏன்?"

"நீ சார்ஜனிட்டைச் சொன்னதை விதானையார் எனக்குச் சொன்னவர்."

துருவின கை அப்படியே நின்றது. எழுந்து, கிணற்றடிக் கதவோடு போய் நின்றாள். மழை வருமோ என்று கேட்பதுபோலக் கேட்டாள்:

"அதுக்கு இப்ப அடிக்கப் போறியளோ?"

"இல்லை. இனி ஒருநாளும் இல்லை."

கதவை விட்டு நகரவில்லை.

"பாப்பம்," என்றாள்.