கறுப்புக் கரை போட்ட லேபிள்கள்

உத்தமபாளையம்,
7.12.2003

அன்பு மகள் ஜாய்ஸுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், ஆண்டவர் இந்த வாரமும் அப்பாவின் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார். புனேயில் குளிர் தொடங்கியிருக்கும், உன் மூக்கும் அதோடு சேர்ந்து தொடங்கியிருக்கும் என்று அப்பா சொல்கிறார், அப்படி இல்லாமல் நீ நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்து எழுதுகிறேன். இதுவரை உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்ல, நான் எழுதியவை. கடைசியில் ‘அப்பா சொல்ல எழுதியது, பியூலா’ என்று ஒரு வரி போட்டு ஒதுங்கிக்கொள்வேன். இது அப்படியில்லை. அப்பா ஆராதனை முடிந்து சபைக் கூட்டத்துக்கு இருந்துவிட்டார், கிறிஸ்துமஸ் பந்தலுக்கு யார் பொறுப்பு என்று பேசி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. ஒயின் நன்றாக வந்திருக்கிறது. இந்த வருஷம் பன்னீர் திராட்சை மழையில் அடிபடாமல் கிடைத்தது, கம்பத்திலிருந்து அப்பாவே இரண்டு பெட்டி எடுத்து வந்தார். உன் அம்மாவின் நோட்டில் இருக்கிறபடி இருபத்தோரு நாள், தினமும் மரக்கரண்டியால் ஒரு தடவை கிண்டி, இருபத்தோராம் நாள் வேட்டித் துணியில் வடித்தாயிற்று. பழைய ஸ்குவாஷ் பாட்டில்களைச் சோடா உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சுரண்டியதில் என் நகங்கள் போனதுதான் மிச்சம், மொத்தம் இருபத்திரண்டு பாட்டில் தேறின. அந்த நோட்டில் ‘கோதுமை ஒரு கைப்பிடி’ என்று எழுதியிருக்கிறது அல்லவா, நான் இந்த வீட்டுக்கு வந்த ஐந்து வருஷமாக அந்த வரி வந்ததும் கொஞ்சம் நின்றுவிடுவேன். அது அவர்களுடைய கைப்பிடி. என் கை சிறியது. ஒரு கைப்பிடி போட்டுவிட்டு, இன்னும் நாலு மணி போடலாமா என்று யோசிப்பேன், இந்த வருஷமும் யோசித்தேன்.

இனி உன் லேபிள். நீ அனுப்பிய படத்தை மேஜைமேல் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு திராட்சைக் குலை, பின்னால் மலை, கீழே ‘கிருபாவதி ஒயின்’ என்று உன் அம்மா பெயரை நீயே வளைத்து எழுதியது. அதற்கும் கீழே ஒரு கோடு போட்டு, அதன்மேல் பென்சிலில் ‘செய்தது: பியூலா சித்தி’ என்று எழுதியிருந்தாய். அப்பா பார்த்தவுடனே, “ஏம்மா, ஒயின்னு எழுத்துல போட்டு ஊருக்கெல்லாம் குடுத்தா நாளைக்கு மதுவிலக்குப் போலீசு வந்து வாசல்ல நிக்கும்ல” என்று சொல்லி அந்த ஒரு வார்த்தையை வெள்ளை மையால் மறைத்துவிட்டார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் ரப்பரை எடுத்து என் பெயரை அழித்தேன். இதுதான் தப்பு. செய்முறை அவர்களுடையது, ஜாடி அவர்களுடையது, வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அவர்களுடைய சொந்தக்காரர்கள், அவர்கள் பெயருக்குக் கீழே என் பெயர் எதற்கு என்று தோன்றியது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ போடச் சொல்வாயோ, வேண்டாம் என்பாயோ, இரண்டுக்கும் பயமாக இருந்தது. ஆக, கீழே ஒரு வெறும் கோடு மட்டும் மிஞ்சியது.

அப்பா அந்தப் படத்தைக் கவரில் போட்டுக் கொண்டுபோன நேரம் வைகுண்டராஜ் அச்சகம் பூட்டியிருக்கிறது. பாட்டில் இருபத்திரண்டுதான் என்றாலும் நூறுக்குக் குறைந்து அங்கே அடிக்கமாட்டார்கள், அதனால் பக்கத்து டீக்கடையில் ‘நூறு காப்பி, அவசரம், ஜேசுராஜ்’ என்று சீட்டு எழுதிக் கவரோடு கொடுத்துவிட்டு வந்தவர், போனில் விவரம் சொல்ல மறந்துவிட்டார். வியாழக்கிழமை கட்டு வந்தது. அன்றைக்கென்று ஜெயமங்கலத்திலிருந்து உன் பெரியம்மாவும் வந்திருந்தார்கள், தங்கச்சி பெயர் அச்சில் வருகிறது என்று பார்க்க ஆசையாக. பிரித்தால், ஜாய்ஸ், நூறும் நினைவஞ்சலி அட்டை. நான்கு பக்கமும் விரல் தடிமனுக்குக் கறுப்புக் கரை, உச்சியில் ஒரு சிலுவை, நடுவில் உன் திராட்சைக் குலையும் ‘கிருபாவதி’யும், அதற்குக் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. நான் வெறுமையாக விட்ட கோட்டில் ‘இவண்: கணவர் ஜேசுராஜ், மகள் ஜாய்ஸ்.’

கட்டை அப்படியே மூடப் பார்த்தேன். பெரியம்மா என்ன நினைப்பார்கள், நாளைக்கு நீ கேள்விப்பட்டு என்ன நினைப்பாய், உன் அம்மாவை மறுபடியும் ஒருமுறை புதைத்தது போல் ஆயிற்றே என்று. பெரியம்மா ஓர் அட்டையைத் தூரமாகப் பிடித்துப் படித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, “ஏத்தா பியூலா, இந்த ஒயின சிரிச்சுக்கிட்டுக் குடிக்கவா, அழுதுக்கிட்டுக் குடிக்கவா?” என்றார்களே பார்க்கலாம், அதன்பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

சாயங்காலமே பெரியம்மாவும் நானும் அச்சகத்துக்குப் போனோம். வைகுண்டராஜ் பதறிவிட்டார். “டீச்சர், எம்மேல தப்பில்ல. எறந்தவுக பேரு மட்டும் இருக்கு, கீழ கோடு வெறுமனே கெடக்கு, அவசரம்னு வேற சார் எழுதிட்டாக. ஒயினுன்னு ஒரு எழுத்து இருந்தா எனக்குத் தோணியிருக்காதா? தேதியெல்லாம் மொத வருச நெனவு கார்டு ஃபைல்லயே இருந்துச்சு, நானே தேடி எடுத்துப் போட்டேன்.” திராட்சைக் குலையைப் பார்த்துமா தெரியவில்லை என்று பெரியம்மா கேட்டதற்கு, “வேதத்துல வாற திராட்சச் செடின்னு நெனச்சேன்க்கா” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அப்பா பயத்தில் ஒரு சொல்லை எடுத்தார், நான் கூச்சத்தில் ஒரு பெயரை எடுத்தேன், எடுத்ததுபோக மிஞ்சியதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மறுபடியும் அடிக்க வைகுண்டராஜுக்கு நேரமில்லை, கல்யாணப் பத்திரிகைகள் குவிந்து கிடக்கின்றன. பெரியம்மாதான் வழி சொன்னார்கள், கரையை வெட்டிவிட்டால் என்ன என்று. கட்டிங் மிஷினில் கட்டாக வைத்து மேலே ஓர் இழுப்பு, கீழே ஓர் இழுப்பு, பக்கத்துக்கு ஒன்று. சிலுவையும் தேதிகளும் இவணும் கறுப்புக் கீற்றுகளாகத் தரையில் விழுந்தன. குலையும் மலையும் பெயரும் நின்றன, பெயருக்குக் கீழே ஒரு விரல் இடமும். நீ கேட்ட ஊதா இல்லை, எல்லாம் கறுப்புதான். பன்னீர் திராட்சைக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவுக்கு ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “எந்தங்கச்சி ஒயினு சுருக்குனு ஏறும். இது அப்பிடி இல்ல, நெதானமா எறங்குது. அவ வழியில நீ செஞ்சது ஆத்தா. நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். நீ பென்சிலில் எழுதியதையும் நான் அழித்ததையும் அப்போதுதான் அவர்களிடம் சொன்னேன். “புள்ள எழுதுனத அழிக்க நீ யாருடி?” என்று வைதார்கள். கோபமாகத்தான் வைதார்கள், எனக்கு ஏனோ அது வெகு நேரம் இதமாக இருந்தது.

அந்த ஒரு விரல் இடத்தில் நேற்று உட்கார்ந்து நானே எழுதினேன். மைப்பேனா ஈரத்தில் கலைந்துவிடுகிறது, அதனால் கடையிலிருந்து மார்க்கர் வாங்கிவரச் சொன்னேன். ‘செய்தது: பியூலா சித்தி.’ நீ எழுதியது போலவே, ஓர் எழுத்துக் குறைக்காமல், இருபத்திரண்டு முறை. முதல் நாலைந்தில் எழுத்து ஒடுங்கிப்போயிருக்கும், அவற்றை வீட்டுக்கு வைத்துக்கொண்டேன், கடைசியில் எழுதியவை நேராக இருக்கின்றன, அவை ஊருக்கு. மைதாப் பசையில் ஒட்டிக் காயவைத்திருக்கிறேன். அப்பா வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒயின் என்ற வார்த்தை இல்லை என்று உறுதி செய்துகொண்டதும், “நல்லாருக்கு” என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

இருபத்திரண்டாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று உடனே போன் செய். போனமுறை போல ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைத்துக் கட்டிவிடாதே, ராத்திரிப் பயணத்தில் மேலே போட்டுக்கொள். மதுரையில் அப்பா வந்து நிற்பார், நானும் வருகிறேன். பெரியம்மா கறுப்புக் கரையோடு ஓர் அட்டையை மட்டும் வெட்டாமல் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள், நீயும் சிரிக்க வேண்டுமாம். ஆண்டவர் உன் வழியெல்லாம் துணையிருந்து உன்னைப் பத்திரமாக வீடு சேர்ப்பாராக.

யாரும் சொல்லாமல் எழுதியது,
உன் பியூலா சித்தி